சார்ல்ஸ்டனில் இறங்கியதும் வலப்பக்கம் திரும்புங்கள்

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், ஆஷ்லி, கூப்பர் என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே கடலை நோக்கி நீண்டு கிடக்கும் தீபகற்பத்தில் அமைந்திருக்கிறது சார்ல்ஸ்டன். கிழக்குப் பக்கம் கூப்பர் ஆற்றங்கரையில், பழைய நகரத்தை ஒட்டியே யூனியன் பியர் என்ற துறை இருக்கிறது. சொகுசுக் கப்பல்கள் பல ஆண்டுகளாக அங்கேதான் வந்து நிற்கின்றன. பெரும்பாலான துறைமுகங்களில் பயணிகள் கப்பலிலிருந்து இறங்கி, பஸ் ஏறி, சரக்குப் பெட்டகங்களையும் கிடங்குகளையும் தாண்டித்தான் ஊருக்குள் நுழைய வேண்டும். இங்கே அந்தத் தொல்லை கிடையாது. துறையின் வாசலைக் கடந்து ஐந்து நிமிடம் நடந்தால் நகரச் சந்தை. இன்னும் பத்து நிமிடம் நடந்தால் பதினெட்டாம் நூற்றாண்டுத் தெருக்கள்.

ஒரு நாள் மட்டும் தங்கிப் போகும் கப்பலின் பயணிக்குக் கரையில் கிடைப்பது எட்டு மணி நேரம், மிஞ்சினால் ஒன்பது. அதில் திரும்பி வரும் அவகாசத்தையும் கழிக்க வேண்டும். ஆகவே எல்லோரும் ஒரே வழியில் போகிறார்கள். வாசலிலிருந்து நேரே சந்தைக்கு. அங்கிருந்து இடப்பக்கமாக, தெற்கே, வெளிர் வண்ணம் பூசிய பதின்மூன்று வீடுகள் வரிசையாக நிற்கும் ரெயின்போ ரோ. அதைத் தாண்டினால் தீபகற்பத்தின் நுனியில் பேட்டரி என்ற கடற்கரைச் சாலை; பெரிய மாளிகைகள், பீரங்கிகள், ஓக் மர நிழல். புகைப்படம் எடுத்துக்கொண்டு, கூடை ஒன்று வாங்கிக்கொண்டு, மாலைக்குள் கப்பலுக்குத் திரும்பிவிடலாம்.

அந்தத் தெருக்கள் அழகானவை. அமெரிக்காவில் இவ்வளவு முழுமையாக எஞ்சியிருக்கும் பழைய நகரங்கள் வெகு சில. ஆனால் துறை வாசலில் இடப்பக்கம் திரும்பாமல் வலப்பக்கம், வடக்கே, கால் மணி நேரம் நடந்தால் வருகிற இடம் காட்ஸ்டன் துறை. ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் அடைத்துக் கொண்டுவரப்பட்ட மனிதர்கள் பல்லாயிரக்கணக்கில் கரையிறக்கப்பட்ட இடம் அது. அதை முதலில் பார்த்துவிட்டுத் தெற்கே போகிறவருக்குத்தான் அந்த மாளிகைகள் எப்படி எழுந்தன என்பது புரியும். வரிசை மாறினால் நேரம் தீர்ந்துவிடும். வடக்கே போகவே முடியாமல் கப்பல் கிளம்பிவிடும். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த வரிசைதான்.

1670இல் ஆங்கிலேயர்கள் ஆஷ்லி ஆற்றின் மேற்குக் கரையில் குடியேறி, தங்கள் அரசர் இரண்டாம் சார்ல்ஸின் பெயரை ஊருக்கு வைத்தார்கள். பத்தாண்டுகள் கழித்து இன்றைய தீபகற்பத்துக்கு ஊர் இடம்பெயர்ந்தது. அடுத்த நூறு ஆண்டுகளில் வட அமெரிக்கக் குடியேற்றங்களிலேயே செல்வம் மிகுந்த நகரங்களில் ஒன்றாக அது வளர்ந்தது. அந்தச் செல்வத்தின் ஊற்று நெல்.

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழ் வாசகர்களுக்கு இது நன்றாகவே புரியும் என்பதால் இன்னும் விரிவாகவே சொல்லலாம். கரோலினாவின் கடலோரம் முழுவதும் சதுப்பு நிலம். ஆறுகள் கடலில் கலக்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஓதம் ஏறும்போது ஆற்றின் நன்னீர் பின்னுக்குத் தள்ளப்பட்டு மட்டம் உயரும்; ஓதம் இறங்கும்போது வடியும். இந்த ஏற்ற இறக்கத்தையே பாசனமாக மாற்றினார்கள். சைப்ரஸ் மரக்காடுகளை வெட்டிச் சாய்த்து, வேர்களைப் பிடுங்கி, மைல் கணக்கில் கரை எழுப்பி, கரைக்குள் மர மதகுகள் வைத்தார்கள். நீர் ஏறும்போது மதகைத் திறந்தால் வயல் நிறையும். இறங்கும்போது திறந்தால் வடியும். கடல் உப்பு உள்ளே வந்துவிடாதபடி வேளை பார்த்துத் திறக்கத் தெரிந்திருக்க வேண்டும். காடு வெட்டியதும் கரை எழுப்பியதும் மதகு காத்ததும் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள்.

அவர்களில் பலர் மேற்கு ஆப்பிரிக்காவின் செனகாம்பியா, சியரா லியோன் பகுதிகளிலிருந்து வந்தவர்கள். அங்கே தலைமுறை தலைமுறையாக நெல் பயிரிட்டு வந்தார்கள். கரோலினாவின் நெல் சாகுபடி முறையில் அவர்களுடைய அறிவின் பங்கு எவ்வளவு என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே விவாதம் இருக்கிறது. ஆனால் நெற்பகுதியைச் சேர்ந்தவர்களுக்குச் சார்ல்ஸ்டன் சந்தையில் தனிக் கிராக்கி இருந்தது என்பதற்கு அக்காலத்து விற்பனை விளம்பரங்களே சாட்சி. அறுத்த நெல்லை மர உரலில் போட்டு உலக்கையால் குத்துவது, புல்லால் தைத்த அகன்ற தட்டில் புடைப்பது எல்லாம் கைவேலை. குத்தும் வேலையில் உடல் நொறுங்கிப்போகும். நீர் தேங்கிய வயல்களில் கொசு, கொசுவால் மலேரியா. கோடை தொடங்கியதும் தோட்ட முதலாளிகள் குடும்பத்தோடு சார்ல்ஸ்டனுக்கு வந்துவிடுவார்கள். முதல் பனி விழும் வரை தோட்டத்துப் பக்கம் போக மாட்டார்கள். பேட்டரி சாலையில் நாம் நின்று வியக்கும் மாளிகைகளில் பலவும் நெல் முதலாளிகளின் நகர வீடுகள்.

முதலாளிகள் விலகி இருந்த அந்த மாதங்கள் வேறொன்றுக்கும் இடம் கொடுத்தன. வயலில் தங்கியவர்கள் தங்களுக்குள் பேசி, பாடி, சமைத்து வளர்த்தெடுத்த பண்பாடு இன்றும் உயிரோடு இருக்கிறது. குல்லா கீச்சி மக்கள் என்று அவர்களின் வழித்தோன்றல்களை அழைக்கிறார்கள். ஆங்கிலமும் பல ஆப்பிரிக்க மொழிகளும் கலந்து பிறந்த குல்லா மொழி அவர்களுடையது. சார்ல்ஸ்டன் உணவகங்களில் தென்னகச் சமையல் என்று பரிமாறப்படுவதில் பெரும்பகுதி அவர்கள் அடுப்பில் பிறந்தது: தக்காளி சேர்த்த சிவப்புச் சோறு, வெண்டைக்காய்ச் சூப், காராமணியும் அரிசியும் சேர்த்து வேகவைக்கும் ஹாப்பின் ஜான், எள் சேர்த்துச் சுட்ட மெல்லிய பிஸ்கட். வெண்டையும் காராமணியும் எள்ளும் அடிமைக் கப்பல்களின் பாதை வழியாகவே இந்தக் கரைக்கு வந்தன.

நெல்லுக்கு அடுத்தபடியாக அவுரி. எலைசா லூகஸ் என்ற இளம்பெண் தந்தையின் தோட்டங்களை நிர்வகித்தபோது, 1740களில், சாயத்துக்காக அவுரி பயிரிட்டு வெற்றி கண்டார். பிரிட்டன் மானியம் கொடுத்ததால் ஏற்றுமதி பெருகியது. அமெரிக்கா விடுதலை பெற்றதும் மானியம் நின்றுபோனது. நீலச் சாயத்துக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்தின் மீது கண் வைத்தது. அங்கே உழவர்கள் மீது சுமத்தப்பட்ட கட்டாய அவுரிச் சாகுபடி 1859இல் வங்காளத்தின் நீலக் கலகத்துக்கும், 1917இல் பீகாரின் சம்பாரணில் காந்தி நடத்திய போராட்டத்துக்கும் இட்டுச் சென்றது. சார்ல்ஸ்டன் துறையில் ஏறிய நீலத்துக்கும் சம்பாரண் உழவரின் கண்ணீருக்கும் இடையே இப்படி ஒரு வணிகத் தொடர்ச்சி இருக்கிறது.

இனி வலப்பக்க நடை. காட்ஸ்டன் துறையைக் கட்டியவர் கிறிஸ்டோபர் காட்ஸ்டன். அமெரிக்க விடுதலைப் போரின் தலைவர்களில் ஒருவர். சுருண்ட பாம்பின் படம் போட்ட மஞ்சள் கொடிக்குப் பெயர் தந்தவரும் அவரே. சுதந்திரத்துக்காகக் குரல் கொடுத்த ஒருவரின் பெயர் தாங்கிய துறையில் மனிதர்கள் விற்கப்பட்டார்கள். 1808 ஜனவரி 1 முதல் அமெரிக்காவுக்குள் அடிமைகளை இறக்குமதி செய்வதற்குத் தடை வரப்போகிறது என்று தெரிந்ததும், தென் கரோலினா 1803 இறுதியில் அந்த வணிகத்தை மறுபடி திறந்துவிட்டது. தடை வருவதற்குள் முடிந்த மட்டும் கொண்டுவந்து குவிக்க வேண்டும் என்ற வெறி. 1806இல் அடிமைக் கப்பல்கள் எல்லாம் காட்ஸ்டன் துறையில்தான் இறக்க வேண்டும் என்று நகராட்சி உத்தரவிட்டது. அந்த நான்கு ஆண்டுகளில் சார்ல்ஸ்டனுக்குச் சுமார் 40,000 பேர் கொண்டுவரப்பட்டதாகக் கணக்கிடுகிறார்கள். விலை ஏறட்டும் என்று வணிகர்கள் அவர்களைத் துறைக் கிடங்கில் பூட்டி வைத்தார்கள். குளிர்காலத்தில் நூற்றுக்கணக்கானோர் அங்கேயே செத்தார்கள். வட அமெரிக்காவுக்குக் கடத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பேர் இந்தத் துறைமுகத்தின் வழியாகவே வந்தார்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு.

2023 ஜூன் 27 அன்று அதே மண்ணில் சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. கட்டடம் தரையைத் தொடவில்லை. பதினெட்டுத் தூண்கள் அதைப் பதின்மூன்று அடி உயரத்தில் தாங்குகின்றன. அடியில் உள்ள நிலத்தை அப்படியே நினைவிடமாக விட்டிருக்கிறார்கள். அங்கே ஆழமில்லாத நீர்ப்பரப்பு ஒன்று. அதன் தளத்தில், அடிமைக் கப்பலின் அடித்தட்டில் மனிதர்களை நெருக்கிக் கிடத்திய விதத்தைக் காட்டும் பழைய வரைபடத்தைத் தழுவி, ஆளுயர உருவங்கள் வரிசை வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நீர் பரவும்போது உருவங்கள் மூழ்குகின்றன. வடியும்போது மறுபடி தெரிகின்றன. இன்னொரு பக்கம், பழைய கிடங்கு நின்ற இடத்தில் கறுப்புக் கருங்கல் சுவர்கள். அவற்றுக்கிடையே மண்டியிட்ட மனித உருவங்கள். மேலே அருங்காட்சியகத்தில் குடும்ப வரலாற்றைத் தேடுவதற்கென்று ஒரு பிரிவே இருக்கிறது. கப்பல் பட்டியலிலும் விற்பனைப் பத்திரத்திலும் வெறும் முதற்பெயராகவோ எண்ணாகவோ மட்டும் பதிவான மூதாதையரை, இன்றைய தலைமுறையினர் அங்கே உட்கார்ந்து தேடுகிறார்கள்.

கப்பலில் வந்த ஒரு பயணி, இன்னொரு வகைக் கப்பல் வந்து நின்ற துறையில் இரண்டு மணி நேரம் செலவிடுவது பெரிய காரியமில்லை. அதை உல்லாசப் பயணத்தின் மகிழ்ச்சியைக் கெடுப்பதாக நினைக்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு நகரத்தின் விருந்தினராகப் போகிறவர் அந்த நகரத்தைக் கட்டியவர்களை அறிந்துகொள்வது குறைந்தபட்ச மரியாதை.

அங்கிருந்து திரும்பி நகரச் சந்தைக்கு வந்தால் கண் வேறு விதமாகப் பார்க்கும். 1788இல் பின்க்னி குடும்பம், இந்த நிலம் பொதுச் சந்தையாகவே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு நகரத்துக்குக் கொடுத்தது. முகப்பில் கோயில் போலத் தூண்களோடு நிற்கும் மண்டபம் 1841இல் கட்டப்பட்டது. அதன் பின்னால் நீளமான கொட்டகைகள். இங்கேதான் அடிமைகளை விற்றார்கள் என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு. இங்கே விற்றது காய்கறி, இறைச்சி, மீன். விற்றவர்களில் பலர் கறுப்பினப் பெண்கள்.

இன்றும் அந்தக் கொட்டகைகளில் குல்லா பெண்கள் உட்கார்ந்து கூடை தைக்கிறார்கள். தைக்கிறார்கள் என்பதே சரி; இது முடைவது அல்ல. இனிப்புப்புல் என்று அழைக்கப்படும் கடலோரப் புல்லையும் பைன் ஊசியிலைகளையும் ஒரு கொத்தாகச் சேர்த்துச் சுருட்டத் தொடங்குகிறார்கள். ஒவ்வொரு சுற்றையும் முந்தைய சுற்றோடு பால்மெட்டோ பனையின் ஓலைக்கீற்றால் தைத்து இறுக்குகிறார்கள். ஊசி கிடையாது. காம்பை அராவி மழுக்கிய கரண்டிப் பிடிதான் கருவி. அதால் புற்சுருளில் துளை போட்டு, ஓலையை உள்ளே செலுத்தி, இழுத்து இறுக்கி, மறுபடி துளை. ஒரு காலத்தில் இதற்கு மாட்டு விலா எலும்பைப் பயன்படுத்தினார்கள். இந்தக் கலையின் தொடக்கம் நெல் புடைக்கும் அந்த அகன்ற தட்டு. நம் வீட்டு முறம் செய்யும் அதே வேலையை அது செய்தது. வணிக நெல் சாகுபடி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புயல்களாலும் போட்டியாலும் மறைந்தது. தட்டு தைத்த கைகள் கூடை தைத்துப் பிழைத்துக்கொண்டன.

பெரிய கூடை ஒன்றுக்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் உழைப்பு ஆகும். விலை நூற்றுக்கணக்கான டாலர். கடலோர நிலமெல்லாம் காவல் போட்ட குடியிருப்புகளாகவும் கோல்ஃப் மைதானங்களாகவும் மாறிவிட்டதால், புல் அறுக்கவே நெடுந்தூரம் போக வேண்டியிருக்கிறது. ஆகவே சந்தை என்பதற்காக அங்கே பேரம் பேசாதீர்கள். வாங்க முடியாவிட்டால் நின்று பாருங்கள், கேளுங்கள், பெரும்பாலும் சொல்வார்கள்.

சந்தையிலிருந்து தெற்கே பத்து நிமிட நடையில் சால்மர்ஸ் தெரு. கப்பல்களின் அடிப்பாரத்துக்காகக் கொண்டுவரப்பட்ட உருண்டைக் கற்கள் பாவிய தெரு அது. அதில் இருக்கிறது பழைய அடிமைச் சந்தை அருங்காட்சியகம். முன்பெல்லாம் சுங்க மாளிகைக்கு அருகே திறந்த தெருவில் மனிதர்களை ஏலம் விட்டார்கள். அது ஊருக்கு அழகாக இல்லை என்று 1856இல் நகராட்சி தடை செய்தது. விற்பனையை நிறுத்தவில்லை, பார்வையிலிருந்து மட்டும் அகற்றியது. ஏலக்காரர்கள் உடனே சுவருக்குள் கடை போட்டார்கள். அப்படி எழுந்ததுதான் ரயன்ஸ் மார்ட் என்ற ஏலக்கூடம். 1863 வரை அங்கே ஏலம் நடந்தது. சிறிய கட்டடம், முக்கால் மணி நேரம் போதும்.

சார்ல்ஸ்டனுக்கே உரிய இன்னொரு பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நகரத்தில் அடிமைகளைப் பிறருக்கு வாடகைக்கு விடும் வழக்கம் இருந்தது. அப்படி வேலைக்குப் போகிறவர் ஒரு செப்பு வில்லையை அணிந்திருக்க வேண்டும். உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு தகடு, மேலே துளை. நகரத்தின் பெயர், ஓர் எண், ஆண்டு, தொழில்: வேலைக்காரர், மீனவர், பழ வியாபாரி, சுமைதூக்குபவர். ஆண்டுதோறும் முதலாளி நகராட்சிக்குக் கட்டணம் கட்டிப் புதிதாக வாங்க வேண்டும். தொழிலுக்கு ஏற்பக் கட்டணம் மாறும். அணிந்தவரின் பெயருக்கு அதில் இடமில்லை. துறையில் பயணிகளின் பெட்டிகளைச் சுமந்தவர்கள் கழுத்தில் தொங்கியவை இப்படிப்பட்ட தகடுகளே. 1865க்குப் பிறகு மண்ணுக்குள் போன அவற்றில் பலவற்றைப் பழைய வீடுகளின் கொல்லைகளிலிருந்து தோண்டி எடுத்திருக்கிறார்கள். 1773இல் நிறுவப்பட்ட சார்ல்ஸ்டன் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

பேட்டரி கரையிலிருந்து பார்த்தால் தொலைவில் கடல் நடுவே தெரிவது சம்டர் கோட்டை. 1861 ஏப்ரல் 12 அதிகாலையில், அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் கூட்டமைப்புப் படையினர் அதன் மீது குண்டு வீசியதில்தான் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியது. முப்பத்து நான்கு மணி நேரம் நீடித்த தாக்குதலை நகரவாசிகள் மாடிகளில் ஏறி நின்று பார்த்தார்கள். படகில் போய்ப் பார்த்துவர இரண்டே கால் மணி நேரத்துக்குக் குறையாது. ஒரு நாள் பயணிக்கு அது பாதி நாள். நேரம் குறைவென்றால் அதைக் கரையிலிருந்தே பார்த்துவிட்டு, அந்தக் கோட்டையைக் கடந்து போன ஒருவரை நினைத்துக்கொள்வது மேல்.

அவர் பெயர் ராபர்ட் ஸ்மால்ஸ். வயது 23. பிளான்டர் என்ற கூட்டமைப்புப் படையின் நீராவிக் கப்பலில் சுக்கான் பிடித்த அடிமை. 1862 மே 13 அதிகாலை, வெள்ளை அதிகாரிகள் கரையில் தங்கிவிட்ட இரவில், கறுப்பின மாலுமிகளோடு கப்பலைக் கிளப்பினார். இன்னொரு துறையில் ஒளிந்திருந்த மனைவியையும் பிள்ளைகளையும் மற்றவர்களையும் ஏற்றிக்கொண்டார். கேப்டனின் வைக்கோல் தொப்பியை அணிந்துகொண்டு, கேப்டன் நிற்கும் தோரணையிலேயே நின்று, ஒவ்வொரு கோட்டையையும் கடக்கும்போது முறையான ஊதல் ஒலியை எழுப்பினார். சம்டரும் வழிவிட்டது. பீரங்கியின் எட்டாத தூரத்துக்குப் போனதும் கொடியை இறக்கி வெள்ளைத் துணியைக் கட்டி, முற்றுகையிட்டிருந்த வடக்குப் படையிடம் கப்பலை ஒப்படைத்தார். பிறகு அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தன்னை அடிமையாக வைத்திருந்தவரின் வீட்டையே விலைக்கு வாங்கினார். சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து கிளம்பிய கப்பல்களில் நான் மிகவும் மதிப்பது அதைத்தான்.

இவ்வளவு பழைய வீடுகள் எப்படித் தப்பின என்ற கேள்விக்குப் பாதி விடை வறுமை. போரில் தோற்று, அடிமை உழைப்பு போய், நெல்லும் நலிந்து, 1886 ஆகஸ்ட் 31 அன்று பெரும் நிலநடுக்கமும் தாக்கியபின், பழையதை இடித்துப் புதியது கட்ட ஊரில் பணமில்லை. நிலநடுக்கத்தில் விரிந்த சுவர்களை இரும்புக் கம்பி கோத்து இழுத்துக் கட்டினார்கள். கம்பியின் முனையில் மாட்டிய இரும்பு வில்லைகள் இன்றும் வீட்டுச் சுவர்களில் தெரியும். மறுபாதி விடை சட்டம். 1920இல் சூசன் பிரிங்கிள் ஃப்ராஸ்ட் பாதுகாப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். 1931இல் வரலாற்றுப் பகுதி என்று ஒரு வட்டாரத்தையே அறிவித்துக் கட்டட மாற்றங்களைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை, அமெரிக்காவிலேயே முதன்முதலாக, சார்ல்ஸ்டன் கொண்டுவந்தது. ரெயின்போ ரோவின் வண்ணங்களும் அதே காலத்தில் தொடங்கியவை.

தெருவைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி நிற்பது போன்ற வீடுகள் இங்கே நிறைய. அகலம் ஓர் அறை மட்டும். நீளவாக்கில், கடற்காற்று வரும் பக்கமாக, இரண்டு மாடிக்கும் தாழ்வாரம். தெருவில் இருக்கும் கதவைத் திறந்தால் வீட்டுக்குள் போகாமல் தாழ்வாரத்துக்குள் நுழைவோம். காற்றுக்காகக் கட்டிய அருமையான அமைப்பு. ஆனால் வீட்டின் பின்முற்றத்தில் சமையற்கட்டும் அதன் மேல் அடிமைகளின் இருப்பிடமும் இருந்தன. அவை இன்று பல இடங்களில் அழகான தனி வீடுகளாகி நல்ல விலைக்குப் போகின்றன. அந்தப் பின்கட்டை மாற்றாமல் வைத்திருப்பது ஐக்கன் ரெட் மாளிகை. காட்ஸ்டன் துறை அருங்காட்சியகத்திலிருந்து நடக்கும் தூரம்தான். மாளிகைகளில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் அதைச் சொல்வேன். பழைய செங்கற்சுவர்களின் பக்கத்தில் போய் நின்றும் பாருங்கள். சில கற்களில் விரல் பதிந்த குழிகள் இருக்கும். ஈரக் கல்லைத் தூக்கி வைத்த அடிமைகளின் கைகள். சிறிய குழிகள் குழந்தைகளுடையவை.

வரலாறு இங்கே முடிந்துபோன ஒன்றல்ல. 1822இல் அடிமை எழுச்சிக்குத் திட்டமிட்டதாக, விடுதலை பெற்ற கறுப்பினத் தச்சர் டென்மார்க் வெசியும் மற்றவர்களுமாக 35 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். வெசியோடு தொடர்புடைய திருச்சபையின் வழிவந்ததே கல்ஹூன் தெருவில் உள்ள மதர் இமானுவேல் ஆலயம். 2015 ஜூன் 17 மாலை அங்கே வேதாகம வகுப்பில் இருந்த ஒன்பது பேரை வெள்ளை இனவெறியன் ஒருவன் சுட்டுக் கொன்றான். தன்னை உள்ளே வரவேற்று உட்கார வைத்தவர்களையே சுட்டான். 2018இல் அடிமைமுறையில் தன் பங்குக்காக நகரமன்றம் மன்னிப்புத் தீர்மானம் நிறைவேற்றியது; அதுவும் ஏழுக்கு ஐந்து என்ற வாக்கில்தான். அடிமைமுறையை நன்மை என்று வாதிட்ட ஜான் கல்ஹூனின் சிலை 2020 ஜூனில் இறக்கப்பட்டது.

கப்பல்களைப் பற்றியும் இந்த நகரம் நீண்ட காலம் சண்டையிட்டிருக்கிறது. 2010இல் கார்னிவல் நிறுவனம் ஒரு கப்பலைச் சார்ல்ஸ்டனிலேயே நிலையாக நிறுத்தி இயக்கத் தொடங்கியது. வழியில் ஒரு நாள் நிற்கும் கப்பலுக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. இங்கிருந்தே புறப்படும் கப்பலின் பயணிகள் காரில் வந்து, காரை நிறுத்திவிட்டு, ஏறிப் போய்விடுவார்கள். ஊருக்கு மிஞ்சுவது நெரிசல். உணவும் அறையும் முன்பே கட்டணத்தில் அடங்கிவிட்டதால் உள்ளூர் உணவகத்துக்கும் விடுதிக்கும் வரவு சொற்பம். கரையில் நிற்கும்போதும் மின்சாரத்துக்காகக் கப்பல் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். புகை பக்கத்துக் குடியிருப்புகளில் இறங்கும். கரையிலிருந்து மின் இணைப்புக் கொடுங்கள் என்றார்கள் குடியிருப்பாளர்கள். தூய்மையான எரிபொருள் விதிகளே போதும் என்றது துறைமுக ஆணையம். ஆண்டுக்கு 104 கப்பலுக்கு மேல் கூடாது, 3,500 பயணிகளுக்கு மேற்பட்ட கப்பல் கூடாது என்று ஓர் உடன்பாடு இருந்தாலும், அது தன்னார்வ உடன்பாடாகவே இருந்தது. புதிய முனையம் கட்டும் திட்டத்துக்கு எதிரான வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. 2012இல் உலக நினைவுச்சின்ன நிதியம், பாரம்பரிய இடங்களுக்கு வரும் ஆபத்தைச் சுட்டும் தன் கண்காணிப்புப் பட்டியலில் சார்ல்ஸ்டனைச் சேர்த்தது.

கடைசியில் ஆணையமே, 2024 இறுதியில் முடியும் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில்லை என்று முடிவெடுத்தது. கார்னிவல் கப்பல் 2025 தொடக்கத்தில் வர்ஜீனியாவின் நார்ஃபோக்குக்குப் போய்விட்டது. ஊரைப் பார்க்க இறங்கும் பயணிகளின் கப்பலுக்கு வரவேற்பும், ஊரை வெறும் வாகன நிறுத்தமாக்கும் கப்பலுக்கு விடையும் கொடுத்த இந்த முடிவு நியாயமானது என்றே நினைக்கிறேன். யூனியன் பியரைச் சேர்ந்த சுமார் 65 ஏக்கர் நிலத்தில் என்ன எழும் என்பது அடுத்த பெரிய விவாதம். பொதுமக்களுக்கு ஆற்றங்கரை கிடைக்குமா, வெள்ளநீர் எங்கே வடியும் என்பவையே அங்குள்ளவர்களின் கேள்விகள்.

வெள்ளம் சுற்றுலா வருகிறவர்களுக்கும் ஒரு விஷயம்தான். தீபகற்பத்தின் பெரும்பகுதி ஓடைகளையும் சதுப்பையும் தூர்த்து எடுத்த நிலம். நகரச் சந்தையே தூர்த்த ஓடையின் மேல்தான் நிற்கிறது. 1921 முதல் இங்கே கடல்மட்டம் ஓர் அடிக்கு மேல் உயர்ந்திருக்கிறது. மழையே இல்லாத நாளிலும் பெரிய ஓதத்தின்போது தெருவில் நீர் ஏறும். இறங்கும் நாளின் ஓத நேரத்தை முந்தைய இரவே பார்த்துவிடுங்கள். சந்தைப் பகுதியை நீர் இறங்கிய நேரத்துக்கு ஒதுக்குங்கள்.

குதிரை வண்டிச் சவாரியை நம்பி நாளைத் திட்டமிட வேண்டாம். நெரிசலைத் தவிர்க்க, வண்டி எந்த வட்டாரத்துக்குப் போக வேண்டும் என்பதை நகராட்சிச் சாவடியில் குலுக்கல் முறையில், ஒரு பந்தை எடுத்துத் தீர்மானிக்கிறார்கள். வழிகாட்டிக்கே அதுவரை தெரியாது. நீங்கள் பார்க்க விரும்பிய தெரு அந்த வழியில் வராமலே போகலாம். நடப்பதுதான் நல்லது, தூரமெல்லாம் குறைவு. கால் வலிப்பவர்களுக்கு நகரின் நடுப்பகுதியில் கட்டணமில்லாத டேஷ் பஸ் ஓடுகிறது. கோடையில் வெயிலும் புழுக்கமும் சேர்ந்து வாட்டும் என்பதால் வடக்குப் பக்கத்தைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும்.

காலை எட்டு மணிக்கு இறங்கினால், அருங்காட்சியகம் திறக்கும் முன்பே காட்ஸ்டன் துறையின் நினைவிடத்தில் நின்றுவிடலாம். மேலே இரண்டு மணி நேரம். பிறகு ஐக்கன் ரெட் மாளிகை, போகும் வழியில் மதர் இமானுவேல். மதியம் சந்தைப் பக்கம் சிவப்புச் சோறும் வெண்டைக்காய்ச் சூப்பும் கிடைக்கும் ஒரு கடை. அதன்பின் கூடைக்காரர்கள், சால்மர்ஸ் தெரு, ரெயின்போ ரோ. பேட்டரிக்கு நேரம் மிஞ்சினால் போகலாம். அருங்காட்சியகத்துக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுத்துவிடுங்கள். திங்கட்கிழமை அதற்கு விடுமுறை. கப்பல் திங்களன்று வந்தாலும் வலப்பக்கமே திரும்புங்கள். தூண்களுக்குக் கீழே இருக்கும் நினைவிடத்துக்கு டிக்கெட் கிடையாது.